மாஸ்டருக்கும் ஒரு முகக்கவசம்

டாக்டர் மாஸ்டரம்மாவின் முதுகில் குழாயை வைத்து, "இழுங்க… விடுங்க… மறுபடி இழுங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தவர், ஓர் இடத்தில் கையை நிறுத்திவிட்டார். அந்த நிறுத்தம் அவளுக்குப் பழக்கமானது. கணவருடைய முதுகிலும் இதே டாக்டர் இதே இடத்தில்தான் முதலில் கையை நிறுத்தினார்.

"பட்டறையை மூடுங்கன்னு சொன்னா மூட மாட்டீங்க. அதனால அதை நான் சொல்லப் போறதில்ல," என்றார் டாக்டர். "ஆனா இனிமே அந்தத் தூள் ஒரு பொட்டுகூட உள்ள போகக் கூடாது. துணியைக் கட்டிக்கிட்டு வேலை செய்யுற கதையெல்லாம் வேணாம். காத்தை வடிகட்டி முகத்துக்கு ஊதுற மிஷின் மாஸ்க் இருக்கு. அதை வாங்குங்க."

"வாங்கலன்னா?"

"வாங்கலன்னா என்ன ஆகும்னு உங்களுக்கு என்னைவிட நல்லாத் தெரியும்."

தெரியும்தான். அவள் கணவர் மரம் கடைபவர். லேத்தில் கட்டையை மாட்டிச் சுழலவிட்டு, உளியால் கிண்ணமும் தட்டும் ஜாடியுமாகக் கடைந்தெடுப்பார். எல்லோருக்கும் அவர் மாஸ்டர். முதுகுக்குப் பின்னால் 'மோப்பம்'. எந்தக் கட்டையைக் கொடுத்தாலும் முதலில் மூக்கருகே கொண்டுபோவார். உளியிலிருந்து பறக்கும் சீவலைக் காற்றிலேயே பிடித்து முகர்ந்துவிட்டு, "உள்ள ஈரம் இருக்கு, இது வெடிக்கும்" என்பார். வெடிக்கும். அப்படிப்பட்ட மனிதரிடம் போய் மூக்கை மூடு என்றால்? சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். "மூக்கை மூடிட்டா அப்புறம் நான் எதுக்கு? மரம் தன்னைத்தானே கடைஞ்சுக்கட்டும்" என்று சிரிப்பார்.

சிரித்த நெஞ்சில் தூள் இறங்கிக்கொண்டே இருந்தது. அதிலும் அவருக்கு உயிரான அந்தச் சிவப்பு மரத்தின் தூள், மாவைவிடப் பொடி. கடைசி வருடம் பட்டறைக்குப் பின்னால் இருந்த அறையில்தான் படுத்திருந்தார். வீட்டுக்கு வர மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். அவர் மூச்சு அப்போது ஒரு மாதிரியாக ஆகிவிட்டிருந்தது. சின்னதாக இரண்டு இழுப்பு, பிறகு நீளமாக ஒன்று, பிறகு ஒரு நிறுத்தம். மாடிப்படி ஏறுகிறவன் நடுப்படியில் எதையோ மறந்துவிட்டு நிற்பதைப் போல. அந்த நிறுத்தத்தில் பக்கத்தில் படுத்திருக்கும் அவளுக்கும் மூச்சு நின்றுவிடும். அவர் அடுத்ததை இழுத்த பிறகுதான் இவளுக்கும் வரும். ஒரு நாள் விடியும் நேரத்தில் அந்தப் படியிலேயே நின்றுவிட்டார்.

அவர் போன பிறகு அவளும் கொழுந்தனும் பட்டறையை நடத்தினார்கள். கொழுந்தனைச் சின்னவர் என்பார்கள்; தலை நரைக்க ஆரம்பித்த பிறகும் சின்னவர்தான். உப்புத்தாள் தேய்த்துக்கொண்டும் மெருகு ஏற்றிக்கொண்டும் இருந்தவள் உளியைக் கையில் எடுத்தாள். கை சொன்னபடி கேட்டது. இப்போது பட்டறைக்கே மாஸ்டர் அவள்தான் என்றாலும் வாடிக்கைக்காரர்கள் பழைய வழக்கத்தில் மாஸ்டரம்மா என்றே கூப்பிட்டார்கள். ஜன்னலோரம் இருந்த அவருடைய லேத்தைத் துணி போட்டு மூடிவைத்தார்கள். சிவப்பு மரத்தைப் பட்டறைக்குள் விடுவதையே நிறுத்திவிட்டார்கள்.

*

பாதுகாப்புச் சாமான் விற்கும் கடைக்குச் சின்னவர்தான் அவளை இழுத்துக்கொண்டு போனார். வாசலில் கையுறைகள் கொத்துக் கொத்தாகத் தொங்கின. உள்ளே சுவர் முழுக்க முகக்கவசங்கள். முகமில்லாமல் ஆணியில் மாட்டிக்கொண்டு, எல்லாம் ஒரே திசையில் பார்த்துக்கொண்டிருந்தன. மாஸ்டரம்மா அவற்றுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டாள்.

கடைக்காரருக்கு நெஞ்சு வரைக்கும் தாடி. "ஒட்டுற மாஸ்க் எதுவும் இந்தத் தாடி மேல ஒட்டாது. தாடியை எடுக்கவும் மனசு வரல. ஊதுற மாஸ்க் ஒண்ணு வாங்கலாம்னு கிளம்பினவன், கடைசில கடையே வச்சுட்டேன்," என்றார்.

"கடைசல் வேலைங்க," என்றார் சின்னவர். "தூளும் வரும், கட்டையும் தெறிக்கும்." புருவத்தில் இருந்த தழும்பைத் தொட்டுக் காட்டினார். சுழன்றுகொண்டிருந்த கிண்ணம் ஒன்று உடைந்து வந்து கொடுத்துவிட்டுப் போன பரிசு அது.

"அப்ப உங்களுக்கு ரெண்டு எதிரி. ஒண்ணு வந்து அடிக்கும். இன்னொண்ணு வந்ததே தெரியாது." கடைக்காரர் மெல்லிய பிளாஸ்டிக் முகமறைப்பு ஒன்றை எடுத்து மேசையில் வைத்து, மரச் சுத்தியலால் ஒரு போடு போட்டார். பளீரென்று கீறி உடைந்தது. "இது தண்ணி தெறிச்சாத் தடுக்கும். கட்டையைத் தடுக்காது." கனமான இன்னொன்றின் மேல் அதே சுத்தியலைப் போட்டார். சுத்தியல் எகிறிக் கீழே விழுந்தது. "வாங்கினா இப்படி வாங்கணும். ஆனா இதுவும் அடியைத்தான் தடுக்கும். தூள் பக்கவாட்டுல சொந்தக்காரன் மாதிரி நேரா உள்ள வந்துடும்."

மூக்கையும் வாயையும் கவ்விப் பிடிக்கும் ரப்பர் மாஸ்க்கைப் போட்டு, அதன் மேல் கனத்த முகமறைப்பை இறக்கிப் பார்த்தாள். நாலு மூச்சில் கண்ணாடி மூடுபனி போட்டது. எதிரே நின்ற கொழுந்தன் கரைந்து போனார்.

"நாள் பூரா உப்புத்தாள் தேய்க்குறவ நான். கிண்ணம் எங்க, கை எங்கன்னு தெரியாம எப்படி வேலை செய்யுறது?"

அடுத்தது இடுப்பில் கட்டிக்கொள்ளும் மோட்டார். முதுகு வழியாக ஒரு குழாய் ஏறித் தலைக்கவசத்துக்குள் காற்றை ஊதியது. தலையில் பாரமில்லை. ஆனால் சுழலும் எந்திரத்துக்குப் பக்கத்தில் குழாய் என்றதும் அவளுக்கு மனம் ஒப்பவில்லை. "அது முதுகோட ஒட்டிப் போகுதும்மா, எங்கேயும் மாட்டாது" என்று கடைக்காரர் சொல்லியும் கழற்றி வைத்துவிட்டாள்.

கடைசியாக அவர் எடுத்து வந்தது எல்லாமே ஹெல்மெட்டுக்குள்ளேயே அடங்கிய ஒன்று. உச்சியில் மோட்டாரும் ஃபில்டரும், பின்மண்டையில் பேட்டரி, முன்னால் கனத்த கண்ணாடி, தாடையைச் சுற்றி மெல்லிய துணிச் சுருக்கு.

"இதுல ஒரு அதிசயம் இருக்கு. நீங்க மூச்சை இழுத்தா வேகமா ஊதும், விட்டா அடங்கிடும். உங்க மூச்சைத் தொட்டுத் தொட்டுப் பாத்துக்கிட்டே இருக்கும்."

"கழட்டி வச்சா?"

"ஒரே சீரா முனகிக்கிட்டுக் கெடக்கும். மூச்சு விட ஆள் இல்லன்னா அதுக்கு என்ன வேலை?"

"இதுல பனி படியாதா?"

"படியவே படியாது. காத்து மேலேருந்து கீழ வழிஞ்சுக்கிட்டே இருக்கே. படிஞ்சா கொண்டு வாங்க, என் தாடியை எடுத்துடுறேன்."

போட்டுக்கொண்டாள். நெற்றியிலிருந்து தாடை வரை குளிர்ந்த காற்று இறங்கியது. கடையின் ரப்பர் வாடை, சின்னவரின் சட்டையிலிருந்த மெருகு எண்ணெய் வாடை எல்லாம் பட்டென்று அறுந்து போயின. அவள் இழுத்தபோது காதுக்கு மேலே விசிறி 'உய்ய்' என்று எழுந்தது; விட்டபோது தணிந்தது. மடியில் கிடந்து தூங்கும் பிள்ளையின் மூச்சைப் போல இருந்தது.

"வேற்றுக் கிரகத்துக்குக் கிளம்பிட்டீங்க அண்ணி," என்று சின்னவர் சிரித்தார்.

அவளும் சிரித்தாள். அதையே வாங்கிக்கொண்டு வந்தாள்.

*

முதல் சில நாள் எல்லாம் நன்றாகவே போனது. உப்புத்தாள் தேய்க்கும்போது தூள் புகையாக எழுந்து கண்ணாடிக்கு வெளியே சுற்றிவிட்டுப் போனது. சாயங்காலம் மூக்கைச் சிந்தினால் கைக்குட்டை வெள்ளையாகவே இருந்தது. காலையில் படுக்கையிலேயே வருகிற இருமல் குறைந்தது.

ஒரு மத்தியானம், வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது. சின்னவர் சாமான் கொடுக்கப் போயிருந்தார். அவள் ஹெல்மெட்டைக் கழற்றி ஜன்னலோரம் மூடிக்கிடந்த லேத்தின் மேல் வைத்துவிட்டு, பின்னறையில் டீ போடப் போனாள். விசிறியை நிறுத்த மறந்துவிட்டாள். மழைச் சத்தத்துக்கு நடுவே அதன் முனகல் கேட்டுக்கொண்டிருந்தது.

தண்ணீர் கொதித்து வரும்போது அந்த முனகல் மாறியது. எழுந்தது, தணிந்தது. மறுபடி எழுந்தது, தணிந்தது. சின்னவர் திரும்பி வந்து அதைப் போட்டுப் பார்க்கிறார் என்று நினைத்து, "டீ உனக்கும் சேர்த்துப் போடவா?" என்று குரல் கொடுத்தாள். பதில் இல்லை. அப்போதுதான் அதன் தாளம் காதில் விழுந்தது. சின்னதாக இரண்டு. நீளமாக ஒன்று. பிறகு நிறுத்தம்.

அந்த நிறுத்தத்தில் அவளுக்கும் மூச்சு நின்றது.

அடுப்பை அணைத்துவிட்டுப் பட்டறைக்குள் வந்தாள். யாரும் இல்லை. துணி மூடிய லேத்தின் மேல் ஹெல்மெட் அவளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தது. உய், உய், உய்ய்ய்ய். நிறுத்தம். கண்ணாடியின் உட்பக்கம், வாய் இருக்க வேண்டிய இடத்தில், உள்ளங்கையளவு பனி படிந்திருந்தது. ஒவ்வொரு தணிவிலும் அது கொஞ்சம் விரிந்தது. ஒவ்வொரு எழுச்சியிலும் சுருங்கியது.

போய் விசையை அமுக்கினாள். சத்தம் நின்றது. பனி மட்டும் அதன் போக்கில் கலைந்து போக நேரமானது.

சின்னவரிடம் சொல்லவில்லை. சொன்னால் என்ன சொல்வார்? மழை, ஈரம், மெஷின் கோளாறு என்பார். அவளும் அதையேதான் தனக்குச் சொல்லிக்கொண்டாள். மறுநாள் துணிந்து தலையில் மாட்டிக்கொண்டாள். கொஞ்ச நேரம் சரியாக இருந்தது. பிறகு அவள் மூச்சை விடும்போது விசிறி எழுந்தது, இழுக்கும்போது தணிந்தது. அவள் இழுக்கப் போகும் காற்றை அதற்கு முன்னாலேயே யாரோ இழுத்துக்கொண்டார்கள். ஒரே தட்டில் இரண்டு பேர் சாப்பிடுகிறபோது ஒருவர் அவசரப்படுவதைப் போல இருந்தது. பசியோடு, விட்டால் போய்விடும் என்கிற பயத்தோடு இழுத்தது அந்த மூச்சு. நெஞ்சு அடைத்துக் கண் இருண்டது. பிடுங்கி எறிந்துவிட்டு வாசலுக்கு ஓடினாள்.

அதற்குப் பிறகு அதைத் தொடவில்லை. பழையபடி துணியைக் கட்டிக்கொண்டு வேலை செய்தாள். இருமல் விட்ட இடத்திலிருந்து மறுபடி பிடித்துக்கொண்டது.

"என்ன அண்ணி இது? அவ்வளவு பார்த்துப் பார்த்து வாங்கினோம்," என்று சின்னவர் பொரிந்தார்.

"ஃபேன் சத்தம் ஒத்துக்கல. தலை வலிக்குது."

"அண்ணன் மாதிரியே பேசுறீங்க. அவரும் இப்படித்தான், ஒரு நாள் தலைவலி, ஒரு நாள் வேர்வை." அவர் கோபத்தோடு ஹெல்மெட்டை எடுத்துத் தன் தலையில் மாட்டிக்கொண்டு லேத்தை ஓடவிட்டார். "பாருங்க. இதுல என்ன சத்தம்?"

அவள் வேலையை நிறுத்திவிட்டு அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். உளி கட்டையைத் தொட்டது, சீவல் சுருண்டு சுருண்டு விழுந்தது. திடீரென்று சின்னவரின் கை அசையாமல் நின்றது. உளியைப் பின்னுக்கு இழுத்தார். லேத்தை நிறுத்தினார். ஆனால் ஹெல்மெட்டைக் கழற்றாமல் அப்படியே நின்றுகொண்டிருந்தார். பிறகு மெல்லக் கழற்றி, தூங்குகிற குழந்தையைப் படுக்கவைப்பதைப் போல மேசையில் வைத்துவிட்டு, குழாயடிக்குப் போய் முகத்தில் தண்ணீரை அடித்து அடித்துக் கழுவினார்.

"என்ன ஆச்சு?" என்றாள் பின்னாலேயே போய்.

"நான் என் மூச்சை நிறுத்திப் பாத்தேன் அண்ணி." தண்ணீர் சொட்டும் முகத்தோடு அவர் அவளைப் பார்க்காமல் சொன்னார். "அது நிக்கல."

*

இருவரும் மறுநாள் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் ஹெல்மெட்டைப் பிரித்துப் பார்த்தார், ஊதிப் பார்த்தார், தாடியோடு மாட்டிக்கொண்டு கடைக்குள் இரண்டு சுற்று நடந்தார். "அம்சமா இருக்கே!" என்றார். மேசையில் வைத்து ஓடவிட்டார். ஒரே சீராக முனகியது. மூன்று பேரும் நின்று பார்த்தார்கள். எழவும் இல்லை, தணியவும் இல்லை.

"ஆள் இல்லாதப்போ மூச்சு விடுதுங்க," என்று சின்னவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். "உள்ள பனியும் படியுது."

"இங்க படியலையே. என் தாடிக்கு ஆசைப்பட்டா நேரா கேளுங்க." யாரும் சிரிக்காததால் அவர் குரலை மாற்றிக்கொண்டார். "சென்சார்ல எப்பவாவது கிறுக்குப் பிடிக்கும். இதை வச்சுட்டு வேற எடுத்துக்கிட்டுப் போங்க. நான் கம்பெனிக்கு அனுப்பிடுறேன்."

மாஸ்டரம்மா மேசையில் முனகிக்கொண்டிருந்த ஹெல்மெட்டைப் பார்த்தாள். இங்கே அது வெறும் மெஷின். அப்படியானால் கோளாறு இதில் இல்லை. இதைக் கொடுத்துவிட்டு வேறொன்றைக் கொண்டுபோனாலும் பட்டறைக்குள் நுழைந்ததும் அதற்கும் இதே கதிதான்.

"இது இருக்கட்டும்," என்றாள். "இடுப்புல கட்டுற மாதிரி, குழாய் வச்சது ஒண்ணு காட்டுனீங்களே. அது ஒரே சீரா ஊதுமா? மூச்சைத் தொட்டுப் பாக்காதே?"

"பாக்காது. நீங்க இழுத்தாலும் விட்டாலும் அது பாட்டுக்கு ஊதும்."

"அதைக் குடுங்க."

"ரெண்டு எதுக்கும்மா?"

"நாங்க ரெண்டு பேரு," என்றாள்.

சின்னவருக்குத்தான் இரண்டாவது என்று கடைக்காரர் நினைத்துக்கொண்டார். சின்னவரும் திரும்பி வரும் வழியெல்லாம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

பட்டறைக்கு வந்ததும் அவள் ஜன்னலோர லேத்தை மூடியிருந்த துணியை உருவினாள். பழைய ஹெல்மெட்டை அதன் மேல் வைத்து ஓடவிட்டாள். முனகல் கொஞ்ச நேரம் சீராக இருந்தது. பிறகு தடுமாறியது. உய், உய். சின்னவர் வாசற்படி தாண்டி ஒரு காலை வெளியே வைத்துக்கொண்டார்.

அவளுக்குப் பயம் வரவில்லை. கோபம்தான் வந்தது. இத்தனை நாள் எங்கே கிடந்தது என்று தெரியாத கோபம்.

"உயிரோட இருந்தப்ப எத்தன தடவை சொன்னேன்?" என்று ஹெல்மெட்டைப் பார்த்துக் கத்தினாள். "கால்ல விழாத குறையாச் சொன்னேன். துணியாவது கட்டுங்கன்னு சொன்னேன். கேட்டீங்களா? சிரிச்சீங்க! எல்லாத்துக்கும் ஒரு சிரிப்பு! இப்ப வந்து என் காத்தைப் பிடுங்குறீங்களே, வெக்கமா இல்ல? நானும் போய்ச் சேர்ந்துட்டா இந்தப் பட்டறையை யார் பாப்பாங்க?"

விசிறி நின்றது. விசை ஓடுகிற நிலையில்தான் இருந்தது, ஆனாலும் நின்றது. திட்டு வாங்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்ப்பாரே, அதே மாதிரி. அந்த மௌனத்தில் அவள் குரல் உடைந்தது.

"சரி, விடுங்க," என்றாள். "இது உங்களுக்கு. அது எனக்கு. இனிமே என் பக்கம் வரக் கூடாது."

கொஞ்சம் பொறுத்து விசிறி மறுபடி எழுந்தது.

*

அன்றிலிருந்து அதுவே வழக்கமாயிற்று. காலையில் கதவைத் திறந்ததும் மாஸ்டரின் ஹெல்மெட்டை ஓடவிடுவாள். பிறகு தன் இடுப்பில் மோட்டாரைக் கட்டி, குழாயை முதுகில் சரிசெய்துகொண்டு வேலையைத் தொடங்குவாள். அவளுடையது ஒரே சீராக ஊதியது. யாரும் அதில் பங்குக்கு வரவில்லை. குழாயும் எங்கேயும் மாட்டவில்லை. அந்த விஷயத்தில் கடைக்காரர் சொன்னது சரி. சாயங்காலம் போகும்போது அவரிடம் சொல்லிவிட்டு அதை நிறுத்தி, இரண்டு பேட்டரிகளையும் சார்ஜில் போட்டுவிட்டுப் போவாள். வாடிக்கைக்காரர்கள் யாராவது, "அது ஏன் சும்மா ஓடுது?" என்று கேட்டால், "பட்டறைக் காத்து சுத்தமாகும்" என்று ஏதோ சொல்லிச் சமாளிப்பாள்.

சின்னவருக்குத்தான் தாங்கவில்லை. ஜன்னலுக்கு முதுகைக் காட்டித் தன் லேத்தைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் காதுக்குத் தெரிந்தது.

"போனவரை இப்படிப் பிடிச்சு வச்சுக்கிறது நல்லதா அண்ணி?"

"நான் எங்க பிடிச்சு வச்சேன்? அவர் போகவே இல்ல."

"நீங்க காத்துக் குடுக்குறதாலதான் நிக்குறார்."

"மூச்சு முட்டி நிக்குறவரை வெளிய தள்ளிக் கதவைச் சாத்தச் சொல்றியா? உங்க அண்ணன்டா."

அவர் உளியை எடுத்துக்கொண்டு தன் லேத்துக்குப் போய்விட்டார். ஆனால் மனசுக்குள் முடிவெடுத்துவிட்டார் என்று அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது. ஒரு நாள் அவள் மரக்கிடங்குக்குப் போய்விட்டுத் திரும்பியபோது, சின்னவர் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"பேட்டரியைக் கழட்டிட்டேன்," என்றார் அவள் கேட்பதற்கு முன்பே.

அவளும் பக்கத்திலேயே படியில் உட்கார்ந்தாள்.

"பாதி மூச்சுல நின்னுச்சு அண்ணி. முடிஞ்சுதுன்னு நெனச்சேன். அப்புறம் அது தேட ஆரம்பிச்சுது. முதல்ல கதவுக்கு அடியில. அப்புறம் புகைபோக்கியில. நான் கடைஞ்சு வச்சிருக்குற ஜாடி ஒவ்வொண்ணுக்குள்ளயும் போய் இழுத்துப் பாத்துட்டு வெளிய வருது. கடைசில என் பக்கத்துல வந்து நின்னுச்சு. என்கிட்ட எதுவும் எடுக்கல. சும்மா நின்னுச்சு." அவர் உள்ளங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சின்ன வயசுல இருட்டுன்னா எனக்குப் பயம்னு அவருக்குத் தெரியும். என்னைப் பயமுறுத்தக் கூடாதுன்னு விலகி நிக்குறார் போல. என்னால முடியல. மறுபடி போட்டுட்டேன்."

உள்ளேயிருந்து சத்தம் கேட்டது. ஓடி வந்தவன் வாங்குகிற மூச்சைப் போலச் சின்னச் சின்னதாக, அவசரமாக. இருவரும் அது சமாதானமாகும் வரை படியிலேயே உட்கார்ந்திருந்தார்கள். அதற்குப் பிறகு சின்னவர் அதைப் பற்றிப் பேசியதில்லை. ஒரு நாள் அவள் வரத் தாமதமானபோது அவரே ஓடவிட்டிருந்ததை அவள் பார்த்தாள்; பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

*

மாஸ்டரின் ஹெல்மெட்டில் ஃபில்டர் மாற்றச் சொல்லும் விளக்கு எரிந்தது. அவளுடையதில் அப்போது எரியவில்லை. திறந்து பார்த்தாள். ஃபில்டரின் வெளிப்பக்கம் பட்டறைத் தூள் சாம்பல் நிறமாகப் படிந்திருந்தது. புரட்டினாள். முகத்தைப் பார்த்திருக்கும் உட்பக்கம், எந்தத் தூளும் வர வழியில்லாத பக்கம், சிவந்து கிடந்தது. விரலால் தொட்டாள். மாவைவிடப் பொடியாக ஒட்டிக்கொண்டது.

சின்னவரைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார்.

"அந்த மரம்தான்," என்றார். "நாமதான் தொடுறதே இல்லையே."

"இது வெளியேருந்து வரல தம்பி. உள்ளேருந்து வந்திருக்கு."

இத்தனை வருடம் இழுத்ததையெல்லாம் அந்த மனிதர் இப்போது விட்டுக்கொண்டிருக்கிறார். அவள் புது ஃபில்டரைப் போட்டாள். சிவந்ததைக் காகிதத்தில் சுற்றி, ஈரத் துணியில் கட்டி, யாரும் பிரிக்காதபடி அப்புறப்படுத்தினாள்.

அடுத்ததும் சிவப்புதான். ஆனால் முன்னைவிட வெளுப்பு. அதற்கடுத்தது இன்னும் வெளுப்பு. மூச்சும் மாறிக்கொண்டே வந்தது. சின்ன இழுப்புகள் இரண்டும் ஒன்றாயின. நிறுத்தம் குறுகியது. சில நாட்களில் அவள் உளியைப் பிடித்தபடி நின்று கேட்பாள்: கல்யாணமான புதிதில் பக்கத்தில் படுத்துத் தூங்குகிற ஆளின் மூச்சு அது, நிதானமாக, கவலையில்லாமல். அப்படிக் கேட்கிற நாட்களில் அவளுக்கு வேலை ஓடாது. அவர் கெட்டுப்போன மூச்சுக்கு அவள் பழகியிருந்தாள். இந்த நல்ல மூச்சுதான் அவளைப் பயமுறுத்தியது.

ஒரு தடவை ஃபில்டரைப் புரட்டினால் உட்பக்கம் வெள்ளைவெளேரென்று இருந்தது. ஜன்னலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். எதுவும் இல்லை. திரும்ப மாட்டி ஓடவிட்டாள். விசிறி ஒரே சீராக முனகியது.

அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். கண்ணாடியில் பனி இல்லை. ஜன்னல் வெளிச்சமும் அதில் நெளியும் அவள் முகமும்தான் இருந்தன. "ஏங்க," என்று கூப்பிட்டாள். முன்பு திட்டினால்கூட நின்று கேட்ட விசிறி, இப்போது எதையும் கேட்காமல் அது பாட்டுக்கு ஓடியது. பேட்டரி தீரும் வரை ஓடி, மெலிந்து, நின்றது.

அன்றுதான் அவள் அழுதாள். அவர் செத்த நாளில் வராத அழுகை. சின்னவர் லேத்தை நிறுத்திவிட்டு வந்து பக்கத்தில் நின்றார். ஆறுதல் சொல்லத் தெரியாத மனிதர். அவள் தோளில் ஒட்டியிருந்த சீவல்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே போட்டுக்கொண்டிருந்தார்.

"சொல்லிட்டுப் போயிருக்கலாம்," என்றாள்.

"அவர் எதைத்தான் சொல்லிட்டுச் செஞ்சார்?" என்றார் சின்னவர்.

அடுத்த முறை டாக்டர் அவள் முதுகில் குழாயை வைத்தபோது கை எங்கேயும் நிற்கவில்லை. "அப்படியே இருக்கு, ஏறல," என்றார். "மிஷின் மாஸ்க் பழகிடுச்சா?" பழகிவிட்டது என்றாள். "உங்க கொழுந்தனும் போடுறாரா?" அவர் போடவில்லை. அவருக்கும் லேசாக இருமல் ஆரம்பித்திருந்தது.

மூடிவைத்திருந்த ஹெல்மெட்டை அவள் எடுத்து, கண்ணாடியை ஈரத் துணியால் துடைத்து, தாடைச் சுருக்கைத் துவைத்துக் காயவைத்து, புது ஃபில்டர் போட்டுச் சின்னவரிடம் நீட்டினாள். அவர் அதை வாங்கக் கையை நீட்டவே இல்லை.

"கடைக்காரர் பிரிச்சுப் பார்த்துச் சொன்னாரே, ஒரு கோளாறும் இல்லன்னு," என்றாள். "போடு. உனக்கும் உங்க அண்ணன் படுத்த படுக்கை வேணுமா?"

போட்டுக்கொண்டார். முதலில் மூச்சைப் பிடித்துப் பார்த்தார் என்பது விசிறிச் சத்தத்திலிருந்து அவளுக்குத் தெரிந்தது. அது அடங்கி, அவருக்காகக் காத்திருந்தது. பிறகு அவர் இழுத்தார், எழுந்தது. தோளைத் தளர்த்திக்கொண்டு, ஜன்னலோர லேத்துக்குப் போய் ஒரு வெள்ளைக் கட்டையை மாட்டினார். அண்ணன் போன பிறகு அந்த லேத் ஓடியது அன்றுதான்.

மாஸ்டரம்மா தன் இடத்தில் நின்று ஒரு தட்டின் விளிம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். முதுகுக்குப் பின்னால் விசிறி எழுந்து தணிந்துகொண்டிருந்தது, நிதானமாக, நீளமாக. அண்ணனும் தம்பியும் ஒரே மாதிரி மூச்சு விடுகிறவர்கள் என்பதை அவள் இத்தனை வருடத்தில் கவனித்ததே இல்லை. பின்னால் நிற்பது சின்னவர்தான் என்று அவளுக்குத் தெரியும். தட்டு முழுதும் வழவழப்பாகும் வரை அவள் திரும்பிப் பார்க்கவில்லை.